மலைக்காட்டு மண்ணுக்குள் நீர் போகும் வழி

இலங்கையின் மலையகத்தில் இன்று காடு என்று நிற்பது பெரும்பாலும் கோடரிக்குத் தப்பிய மிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் சரிவுகள் அடுத்தடுத்து வெட்டி எரிக்கப்பட்டன. 1873 இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை அடுத்து, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பதைக் காலனி அரசு நிறுத்தியது. பிதுருதலாகலையிலும் ஹக்கலையிலும் ஹோர்ட்டன் சமவெளியைச் சுற்றியும் உச்சிக்காடுகள் எஞ்சியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மகாவலியும் களனியும் வளவையும் இந்த உயரங்களிலிருந்துதான் இறங்குகின்றன. தோட்டத்து லயங்களின் பீலிகளில் விழும் தண்ணீரும் பல இடங்களில் மேலேயுள்ள காட்டுத்துண்டு ஒன்றின் அடியிலிருந்தே வருகிறது.

காடு இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று மலையகத்தில் எல்லோரும் சொல்வார்கள். காடு மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்பது பாடப்புத்தகம் வரை ஏறிவிட்ட விளக்கம். இதில் பாதிதான் சரி. மரங்கள் தண்ணீர் குடிப்பவை. போஷும் ஹியூலெட்டும் உலகின் 94 நீரேந்துப் பகுதிகளின் (ஓர் ஓடைக்கோ ஆற்றுக்கோ நீர் சேர்க்கும் நிலப்பரப்புகளின்) அளவீடுகளைத் திரட்டி 1982 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊசியிலை மரங்கள் அல்லது யூக்கலிப்டஸ் மூடிய பரப்பில் 10 சதவீதம் மாறினால் ஆண்டு நீரோட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் எதிர்த்திசையில் மாறுகிறது. மரம் கூடினால் ஓடை மெலிகிறது. புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் பைன் மரங்களும் யூக்கலிப்டஸும் நட்ட பிறகு ஊற்றுகள் வற்றின என்று ஊவாவிலும் நுவரெலியாவிலும் மக்கள் சொல்வதை இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுபக்கத்துக்கும் சான்று உள்ளது. பேராதனைக்கு மேலுள்ள மகாவலியின் தலைப்பகுதியை 1940 முதல் 1980 வரையான பதிவுகளைக் கொண்டு மத்தும பண்டாரவும் குருப்பு ஆராச்சியும் ஆராய்ந்தார்கள். மழை குறைந்துவந்த காலத்திலும், பெய்த மழையில் ஆறாக ஓடி வெளியேறிய பங்கு கூடியிருந்தது. தேயிலை நிலங்கள் மண்காப்பு ஏற்பாடு இல்லாத பயிர்நிலங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறியதே காரணமாகச் சுட்டப்பட்டது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழை மேலாக ஓடிவிட்டது.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் காடு செய்யும் வேலை விளங்கும். காடு தண்ணீரை உண்டாக்குவதில்லை. தண்ணீர் போகும் பாதையை மாற்றுகிறது. மேலே ஓடாமல் உள்ளே இறங்கச் செய்கிறது. இறங்கும் வழியில் வேர்கள் எடுப்பது போக மிச்சம் ஆழத்துக்குப் போகிறது. நைதரசனைத் தாங்கிய நைத்திரேற்று, கல்சியம், பொற்றாசியம் போன்ற போசணைகளும் அந்த மிச்சத்தில் கரைந்து கூடவே போகின்றன. ஆகவே நீரையும் போசணைகளையும் தனித்தனியாக அளக்க முடியாது. நீரின் கணக்குப் பிழைத்தால் போசணையின் கணக்கும் பிழைத்துவிடும்.

அளவை மரத்தின் உச்சியிலிருந்தே தொடங்க வேண்டும். பெய்யும் மழையில் ஒரு பகுதி இலைகளில் தங்கி அப்படியே ஆவியாகிறது. இன்னொரு பகுதி இலைகளுக்கு ஊடாகச் சொட்டுகிறது, சிறு பங்கு தண்டு வழியே வடிகிறது. திறந்த வெளியில் ஒரு மழைமானியும் மரங்களின் கீழே பல மானிகளும் வைத்து வித்தியாசத்தைப் பார்ப்பது வழக்கமான முறை. கீழே ஒரே ஒரு மானி வைத்தால் எதுவும் தெரியாது. கிளைகள் சேரும் இடத்துக்கு நேர்கீழே வைத்த மானியில் திறந்த வெளியைவிட அதிக நீர் சேரும், இரண்டடி தள்ளி வைத்ததில் பாதிகூடச் சேராது. அதனால் நிறைய மானிகள் வேண்டும், அவற்றை அவ்வப்போது இடம் மாற்றவும் வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே மரங்கள் குட்டையானவை, கிளையெல்லாம் பாசி. காற்றோடு வரும் மூடுபனி அந்த இலைகளிலும் பாசியிலும் படிந்து துளியாகி விழுகிறது. திறந்த வெளி மழைமானி இந்த நீரைக் காண்பதேயில்லை. மழையே இல்லாத நாளில் மரத்தடி மானி நனைந்திருந்தால், அது மேகத்திலிருந்து காடு வடித்தெடுத்த நீர். ஆண்டு முழுவதையும் கூட்டும்போது இது எவ்வளவு என்பது காற்று அடிக்கும் முகடா, மறைவான பள்ளமா என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். மரத்தை வெட்டினால் இந்த வரவும் நின்றுவிடும். மேகக்காட்டையும் தாழ்ந்த சரிவிலுள்ள பைன் தோப்பையும் ஒரே கணக்கில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சொட்டும் நீர் வெறும் மழைநீராகவும் இருப்பதில்லை. இலையைக் கழுவிக்கொண்டு வரும்போது அதில் பொற்றாசியம் பல மடங்கு கூடிவிடுகிறது. இலையிலிருந்து எளிதில் கரைந்து வெளியேறும் தனிமம் அது. உதிரும் இலை உக்கி மண்ணுக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும், பொற்றாசியமோ ஒரு மழையிலேயே இறங்கிவிடும்.

அடுத்தது தரை. இலைச்சருகு, அதன்கீழ் உக்கல், அதன்கீழ் வேர் பின்னிய கறுத்த மண். வேர் உக்கிய துளைகளும் புழு துளைத்த வழிகளும் இங்கே ஏராளம். மலையகத்தின் ஈரப் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் செம்மஞ்சள் மண் வகை களி நிறைந்ததாக இருந்தாலும், காட்டின் கீழே கடும் மழையையும் தயங்காமல் உள்ளே எடுத்துக்கொள்ளும். இரட்டை இரும்பு வளையத்தைத் தரையில் அடித்து, நீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அதே வளையத்தைத் தேயிலைக்குள் நடைபாதையில் அடித்துப் பார்த்தால் வேறு நாட்டு மண்ணோ என்று தோன்றும்.

அந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. சுரண்டி என்ற கருவியைக் கொண்டு புல்லோடு மேல்மண்ணையும் வழித்தெடுத்த களையெடுப்பு பல தலைமுறைகள் நடந்தது. மேட்டுநிலத் தேயிலை ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேல்மண்ணை இழந்தது என்ற மதிப்பீடு 1980களிலிருந்து எடுத்தாளப்படுகிறது. இழந்தது மண் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நீர் இறங்கும் துளைகளும் போசணையைப் பிடித்து வைக்கும் சேதனப் பொருளும் அந்த ஒரு சாண் மண்ணில்தான் இருந்தன. துண்டு துண்டாக எஞ்சிய காடுகளின் மண்ணை அளப்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு இது ஒரு காரணம்: நம் மலைகள் முன்பு எப்படி இருந்தன என்பதற்கு அங்கே மட்டுமே சாட்சி உண்டு.

மண்ணுக்குள் இறங்கிய நீரை எப்படித் தொடர்வது? இரண்டு கேள்விகள் உள்ளன. எவ்வளவு நீர் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது. முதலாவதற்கு மண்ணில் செருகும் மின் உணரிகள் உள்ளன. மின்துடிப்பு ஒன்று மண்ணில் செல்லும் வேகம் ஈரத்தைப் பொறுத்து மாறுவதை வைத்து அவை அளவைச் சொல்கின்றன. இந்த உறவைக் காட்டிய டொப்பின் சமன்பாடு 1980 இல் வந்தது. இரண்டாவது கேள்விக்கு ஈரத்தின் அளவு மட்டும் போதாது. மண் நீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். நுனியில் சுட்ட மண் கிண்ணம் பொருத்திய, நீர் நிரப்பிய குழாயை மண்ணில் நட்டால், காயும் மண் அதிலிருந்து நீரை இழுக்கும். அந்த இழுவையை மேலேயுள்ள மானி காட்டும்; இந்தக் கருவியே இழுவைமானி. இரண்டு ஆழங்களில் இரண்டு குழாய்கள் நட்டால், நீர் மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று படித்துவிடலாம்.

இதை ஓட்டமாக மாற்றும் கணிதம் பழையது. பிரான்சின் டிஜோன் நகரத்து நீர்விநியோகத்தைக் கட்டிய ஹென்றி டார்சி, மணலுக்கு ஊடாக நீர் போகும் வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதமானது என்று 1856 இல் காட்டினார். அதை முழுதும் நனையாத மண்ணுக்கு நீட்டி 1931 இல் சமன்பாடாக எழுதியவர் லொரென்சோ ரிச்சர்ட்ஸ். சிக்கல் எங்கே என்றால், மண் காயக் காய நீரைக் கடத்தும் திறன் மளமளவென்று விழுகிறது. பெரிய துளைகள் முதலில் வெறுமையாகின்றன, மிஞ்சும் நுண்துளைகளில் நீர் ஊர்கிறது. ஈரத்தில் சிறு மாற்றம் ஓட்டத்தில் ஆயிரம் மடங்கு மாற்றத்தைக் கொண்டுவர முடியும். ஆகவே ஈரத்தை அளப்பதில் நேரும் சின்னப் பிழை ஓட்டத்தில் பெரும் பிழையாகிறது.

இப்போது போசணைக்கு வருவோம். களியின் பரப்பும் உக்கலும் பெரும்பாலும் எதிர் ஏற்றம் கொண்டவை. நேர் ஏற்றமுள்ள கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம், அமோனியம் ஆகியவற்றை அவை பிடித்துக்கொள்கின்றன. எதிர் ஏற்றமுள்ள நைத்திரேற்றைப் பிடிக்க ஆளில்லை, நீர் போகும் இடமெல்லாம் அது போகும். போகும்போது ஏற்றச் சமநிலைக்காகக் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மண்ணில் அமிலம் ஏறி, கல்சியம் இருந்த இடத்தை அலுமினியம் பிடிக்கும். பொசுபரசு வேறு மாதிரி: நம் செம்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் அதைக் கெட்டியாகக் கட்டிவிடுவதால் கரைந்து போவது குறைவு. அது போவது பெரும்பாலும் அரித்துச் செல்லும் மண்துகளோடுதான்.

அமெரிக்காவின் ஹபர்ட் புரூக் காட்டில் போர்மனும் லைக்கன்சும் குழுவினரும் இதை முழுச் சரிவளவில் நிறுவினார்கள். ஒரு சிற்றோடையின் நீரேந்துப் பகுதி முழுவதையும் 1965 இன் பிற்பகுதியில் வெட்டி, மூன்று ஆண்டுகள் களைகொல்லியால் எதுவும் முளைக்கவிடாமல் வைத்தார்கள். முதலாண்டில் நீரோட்டம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. நைத்திரேற்று குடிநீர் வரம்பைத் தாண்டியது, கல்சியமும் பொற்றாசியமும் பல மடங்காக வெளியேறின. வேர் நின்றதும் நீரின் கதவும் போசணையின் கதவும் ஒரே நாளில் திறந்துகொண்டன. நம்முடைய பாறைகள் மிகப் பழையவை, மேல்மண்ணுக்கு அவற்றிலிருந்து புதிதாக வந்து சேரும் போசணை குறைவு. இந்தக் காடுகளின் செல்வம் மரத்திலும் சருகிலும் மேல் ஒரு சாண் மண்ணிலும் சுற்றிக்கொண்டே இருப்பது. அந்தச் சுற்று அறுந்தால் கீழிருந்து ஈடுசெய்ய ஏதும் இல்லை.

ஹோர்ட்டன் சமவெளியில் பல பத்தாண்டுகளாக மரங்கள் நுனியிலிருந்து கருகிச் சாவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்த் தட்டுப்பாடு, மண் அமிலம், கல்சியக் குறைவு, காற்று மாசு என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். நீர் ஓட்டத்தையும் போசணை ஓட்டத்தையும் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து அளந்தால்தான் இவற்றைப் பிரித்தறிய முடியும்.

மண்ணுக்குள் இருக்கும் நீரை மாதிரியாக எடுப்பதுதான் இந்தத் துறையின் நெருக்கடியான இடம். ஒரு முறை, சுட்ட மண் கிண்ணத்தை மண்ணில் புதைத்து, உள்ளே காற்றை உறிஞ்சி, துளைகளிலிருந்து நீரை இழுப்பது. இன்னொரு முறை, பக்கவாட்டில் குழி வெட்டி மண்ணின் கீழே தட்டு ஒன்றைச் செருகி, தானாக வடிவதை ஏந்துவது. இரண்டும் ஒரே நீரைத் தருவதில்லை. கிண்ணம் இழுப்பது நுண்துளைகளில் மெதுவாக நகரும் பழைய நீர். அடைமழையில் வேர்வழித் துளைகளில் பாய்ந்து இறங்கும் புதுநீரை அது தவறவிடும். தட்டு அந்தப் புதுநீரைப் பிடிக்கும், மெதுவான நீரைத் தவறவிடும். மரங்கள் குடிக்கும் நீரும் ஓடைக்குப் போகும் நீரும் வேறுவேறாக இருக்கலாம் என்று 2010 இல் ரெனே புரூக்ஸ், ஜெப் மெக்டொனல் குழுவினர் நீரின் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளை) கொண்டு காட்டிய பிறகு, எந்தக் கருவியால் எடுத்த நீர் என்று சொல்லாத முடிவை நான் நம்புவதில்லை. புதிதாகப் புதைத்த கிண்ணம் சில மாதங்களுக்கு நம்பத்தக்க அளவைத் தராது என்பதையும், அதன் சுவரே பொசுபரசைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லீட்டர். வேர்களுக்குக் கீழே வடியும் நீரில் லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் நைதரசன் இருந்து, ஆண்டில் 1000 மில்லிமீட்டர் வடிந்தால், இழப்பு ஹெக்டேருக்கு 10 கிலோகிராம். வடிந்தது 1500 மில்லிமீட்டர் என்றால் 15 கிலோகிராம். ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், வடிந்த நீரை ஊகித்திருந்தால் விடையும் ஊகம்தான்.

வடிந்ததை அறிய எளிய வழி ஒன்று குளோரைட்டு. கடலிலிருந்து வரும் பருவக்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. மரங்கள் நீரை எடுத்துக்கொண்டு குளோரைட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மழையில் லீட்டருக்கு 2 மில்லிகிராமும், வேர்களுக்குக் கீழே 4 மில்லிகிராமும் இருந்தால், பாதி நீர் ஆவியாகவும், இலைகள் வழியே வெளியேறும் ஆவியுயிர்ப்பாகவும் போய்விட்டது என்று பொருள். மூடுபனியோடும் தூசியோடும் வந்து இலையில் படியும் உப்பையும் வரவில் சேர்க்க வேண்டும். மறந்தால் மரங்கள் உண்மையில் குடித்ததைவிட அதிகம் குடித்ததாகக் கணக்கு வரும்.

ஓடையின் பக்கம் நின்று அளப்பதானால் 90 பாகைக் கோணத்தில் வெட்டிய தகட்டை ஓடைக்குக் குறுக்கே நிறுத்துவார்கள். வெட்டின் வழியே நீர் 10 சென்டிமீட்டர் உயரம் பாய்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லீட்டர், 5 சென்டிமீட்டரானால் 0.8 லீட்டருக்கும் சற்றுக் குறைவு. உயரம் பாதியானால் ஓட்டம் ஆறில் ஒரு பங்குக்கு அருகே விழுகிறது. வெட்டில் சருகு சிக்கினால் அன்றைய அளவு பாழ், யாராவது நடந்து போய்த் துப்புரவாக்க வேண்டும்.

அளவீடுகளுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பத்தான் மாதிரிக் கணிப்புகள். பிரூக்90, ஹைட்ரஸ் போன்ற மென்பொருள்கள் மழையையும் வெப்பத்தையும் மண்ணின் இயல்பையும் வாங்கிக்கொண்டு நாள்தோறும் எவ்வளவு வடிந்தது என்று சொல்லும். அவை கேட்கும் மண் இயல்புகளை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், மணல், வண்டல், களி வீதங்களிலிருந்து கணித்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணிப்பு விதிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மண்ணிலிருந்து பிறந்தவை. ஒட்சைட்டுகளால் சிறு மணிகளாகத் திரண்ட வெப்பவலயக் களி, களி வீதத்தைப் பார்த்தால் நீர் தேங்க வேண்டிய மண், நடப்பிலோ மணலைப் போல வடியும். ஹொட்னெட்டும் தொமசெல்லாவும் 2002 இல் வெப்பவலய மண்ணுக்குத் தனி விதிகள் தந்தார்கள். மலையகத்து மண்ணுக்கு மாதிரி ஓட்டுபவர்கள் குறைந்தபட்சம் அங்கிருந்தாவது தொடங்க வேண்டும்.

சரிவு இன்னொரு பொறி. பல மாதிரிகள் நீர் நேர்கீழே மட்டும் இறங்குவதாகக் கொள்கின்றன. நம் சரிவுகளில் மேல்மண்ணைத் தாண்டிய நீர், இறுகிய அடிமண்ணிலோ அழுகிய பாறையிலோ மோதிப் பக்கவாட்டில் நகர்கிறது. பீலிக்கு வருவதும் அதுதான். அளவுக்கு மீறித் தேங்கினால் மண்ணைத் தூக்கிச் சரிப்பதும் அதுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, மலையின் உள்ளே நீர் எங்கே சேர்கிறது என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. போசணைக்காக நடப்படும் இழுவைமானியே சரிவின் உள்ளே ஏறும் நீரழுத்தத்தையும் காட்டக்கூடியது. ஒரே கருவியை இரண்டு துறைகள் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

போசணை கீழே போய்ச் சேரும் இடத்தையும் மறக்கக் கூடாது. 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் பச்சைப் படலமாக நுண்பாசி பெருகியது. மேலேயுள்ள மரக்கறித் தோட்டங்களின் உரமும் குடியிருப்புகளின் கழிவும் அத்தகைய பெருக்கத்துக்குத் தீனி. காட்டு ஓடை ஒன்று இயல்பாக எவ்வளவு நைத்திரேற்றைக் கொண்டுவருகிறது என்ற அடிப்படை அளவு இல்லாமல், எவ்வளவு நாம் சேர்த்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

எப்போது அளப்பது என்பது எதை அளப்பது என்பதைப் போலவே முக்கியம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி தென்மேல் பருவத்தில். அதே மாதங்களில் பண்டாரவளையில் கச்சான் காற்று மண்ணைக் காயவைக்கிறது. காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்கள் விழித்து நைதரசனை ஒருசேர விடுவிக்கின்றன. கிழக்கு ஆபிரிக்க மண்ணில் பர்ச் 1958 இல் விவரித்த விளைவு இது. ஒக்டோபரின் முதல் பெருமழை அந்த நைத்திரேற்றை அள்ளிக்கொண்டு இறங்கும். வாரத்துக்கு ஒரு புட்டி நீர் எடுக்கும் திட்டம் அந்த ஓரிரு நாட்களைத் தவறவிட்டால், ஆண்டு இழப்பின் பெரும்பங்கைத் தவறவிட்டதாகும். ஊவாச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் தனித்தனி நிலையங்கள் வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இதற்கெல்லாம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. மலையகத் தோட்டங்கள் பலவற்றில் தலைமுறைகளாக மழைமானி இருக்கிறது, காலையில் ஒருவர் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனையில் பல்கலைக்கழகமும் உள்ளன. மேலே காட்டுத்துண்டு உள்ள சிற்றோடை ஒன்று, தேயிலைக்குள் ஓடுவது ஒன்று, யூக்கலிப்டஸ் தோப்பில் பிறப்பது ஒன்று என மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வெட்டுத் தகடு, மரத்தடி மானிகள், இரண்டு ஆழங்களில் கிண்ணமும் தட்டும் வைத்தால் போதும். மழை வலுக்கும் இரவில் மணிக்கொரு புட்டி நீர் எடுக்க அந்தந்தத் தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும். பீலி எந்த மாதம் மெலிகிறது, எந்த மழைக்குப் பின் கலங்குகிறது, எந்தக் கான் வழியாக நீர் உடைத்துக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தகட்டை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் முன் அவர்களிடம் கேட்க வேண்டும். எடுத்த அளவுகளை மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்திலேயே ஒட்டி வைக்கவும் வேண்டும்.